ஒண்டிக்கடையில் ஒரு பேண்டு செட்

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் எல்லோரும் கேட்கிற கேள்விகளை நான் கேட்கப் போவதில்லை. என்ன படித்தீர்கள், எங்கே பயிற்சி எடுத்தீர்கள் என்பதெல்லாம் உங்கள் முகத்திலேயே எழுதி ஒட்டியிருக்கிறது. எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். உங்களில் யாருக்காவது பேண்டு வாசிக்கத் தெரியுமா? தெரியாது என்றால் சந்தோஷம். எனக்கும் தெரியாது. ஆனாலும் ஏற்காட்டில் இன்றைக்கும் சிலர் என்னை ‘பேண்டு மாஸ்டரம்மா’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். முப்பது வயதில் சமூகப் பணியாளராக மலையேறிய எனக்கு அந்தப் பட்டம் எப்படிக் கிடைத்தது என்று சொல்கிறேன். உங்கள் பாடப் புத்தகத்தில் இது இருக்காது.

அப்போது குடிப்பழக்கத்தைக் குறைக்க ஏற்காட்டில் ஒரு கூட்டுக்குழு போட்டிருந்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு டாக்டரம்மா, ஸ்டேஷனிலிருந்து இன்ஸ்பெக்டர், எஸ்டேட்டுகளிலிருந்து ஆட்கள், ஊராட்சிக்காரர்கள், இவர்களுக்கெல்லாம் டீ ஏற்பாடு செய்ய நான். கூட்டுக்குழு என்றால் என்ன என்று நீங்கள் போகப் போகத் தெரிந்துகொள்வீர்கள். டாக்டரம்மா ஈரலைப் பற்றிப் பேசுவார். இன்ஸ்பெக்டர் காட்டுக்குள் கண்டுபிடித்த கள்ளச்சாராய ஊறல் பானைகளைப் பற்றிப் பேசுவார். எஸ்டேட்காரர்கள் திங்கட்கிழமை வேலைக்கு வராதவர்களைப் பற்றிப் பேசுவார்கள். குடிக்கிற ஆள் யாரும் அந்தக் கூட்டத்துக்கு வரமாட்டார். வந்தாலும் உட்கார நாற்காலி இருக்காது.

கடைசியில் டாக்டரம்மாதான் ஒரு வழி சொன்னார். “விடணும்னு நினைக்கிறவங்க நாலு பேர் வாரம் ஒரு தடவை சேர்ந்து உட்கார்ந்து பேசட்டும். நாம வாயை மூடிக்கிட்டுக் கேட்போம். ஆனா யாரு வர்றா, எதுக்கு வர்றாங்கறதை அவங்களேதான் சொல்லணும். நாம யாருகிட்டயும் சொல்லக் கூடாது. பொண்டாட்டி கேட்டாலும் சரி, போலீஸ் கேட்டாலும் சரி.”

“போலீஸ் இங்கதானுங்க உக்காந்திருக்குது,” என்றார் இன்ஸ்பெக்டர்.

“அதனாலதான் சொல்றேன்,” என்றார் டாக்டரம்மா.

ரகசியம் ஏன் என்று கேட்பீர்கள். சின்ன ஊரில் ஒருவர் குடிப்பதை நாலு பேர் பார்த்தால் யாரும் ஒன்றும் நினைப்பதில்லை. விடப் பார்க்கிறார் என்று தெரிந்தால்தான் ‘அடடா, அந்த அளவுக்கா போயிருச்சு’ என்று வாயைப் பொத்திக்கொள்வார்கள். ஜீப் ஓட்டுகிறவருக்குச் சவாரி போய்விடும். கடைக்காரருக்குக் கடன் சரக்கு வராது. குடிகாரர் என்ற பெயரை விட, குடியை விட்டவர் என்ற பெயருக்குத்தான் அவர்கள் அதிகமாகப் பயந்தார்கள்.

ஏற்காட்டில் ஒண்டிக்கடை என்கிற ரோட்டுச் சந்திப்புக்குப் பின்னால் ஓர் அறை கிடைத்தது. எப்போதோ மூடிப்போன ஒரு கிளப்பின் தட்டுமுட்டுச் சாமான்களைப் போட்டுவைத்திருந்த அறை. முதல் சனிக்கிழமை சாயங்காலம் நாலு பேர் வந்தார்கள். வெள்ளக்கடையிலிருந்து ஜீப் டிரைவர் பழனிசாமி. ஒண்டிக்கடை மளிகைக்கடைக்காரர் நடராசன். எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் தங்கவேலு. ஹோட்டல் சமையல்காரர் முனியப்பன். உட்கார இடமில்லாமல் ஆளுக்கொரு சாமானின் மேல் உட்கார்ந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. நான் பயிற்சியில் சொல்லிக் கொடுத்தபடி அமைதியாகக் காத்திருந்தேன். நெடுநேரம் கழித்துப் பழனிசாமி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “நானுங்க...” என்று ஆரம்பித்தார்.

கதவு திறந்தது. எதிரே டீக்கடை வைத்திருந்தவர் தலையை மட்டும் உள்ளே நீட்டினார்.

“ஏனுங்க நடராசண்ணே, பூட்டிக் கெடந்த ரூமுக்குள்ள இத்தன பேரு என்னங்க பண்றீங்க?”

நடராசனுக்கு முகம் வெளிறிவிட்டது. இப்படியும் அப்படியும் பார்த்தார். கடைசியாகத் தான் எதன் மேல் உட்கார்ந்திருக்கிறோம் என்று குனிந்து பார்த்தார். அது தூசு படிந்த பெரிய டிரம். சுவர் ஓரமாக இரண்டு ட்ரம்பெட்டுகள், ஒரு கிளாரினெட், ஒரு சின்ன டிரம், ஒரு ஜோடி பித்தளைத் தாளம்.

“பேண்டு செட்டுங்க,” என்றார் நடராசன். அதோடு விட்டிருக்கலாம். என்னைக் கையைக் காட்டி, “இவங்கதான் மாஸ்டரு,” என்றும் சேர்த்துக்கொண்டார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இந்த மாதிரிச் சமயத்தில் என்ன செய்ய வேண்டும் என்று பயிற்சியில் யாரும் சொல்லவில்லை. இல்லை என்றால் அந்த நாலு பேரும் மறுபடி வரமாட்டார்கள். ஆமாம் என்றால் நான் பொய் சொன்னவள் ஆவேன். நான் இரண்டையும் சொல்லவில்லை. பக்கத்தில் கிடந்த குச்சியை எடுத்து, நடராசன் உட்கார்ந்திருந்த டிரம்மின் மேல் ஓங்கி ஓர் அடி அடித்தேன். அவர் ஒரு முழம் எகிறிக் குதித்தார். டீக்கடைக்காரர் திருப்தியாகத் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

மறுநாளே ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. அடுத்த சனிக்கிழமை டீக்கடைக்காரர் வாசலிலேயே நின்றார்.

“சத்தமே வரலீங்களே?”

“இப்பத் தியரி நடக்குதுங்க,” என்றார் ரைட்டர் தங்கவேலு. படித்தவர்.

எத்தனை வாரம்தான் தியரியே நடத்துவது? சத்தம் வராத பேண்டு செட்டைப் பற்றி ஊரில் விதவிதமாகப் பேச ஆரம்பித்தார்கள். உள்ளே சீட்டாடுகிறார்கள் என்றார் ஒருவர். புதையல் தோண்டுகிறார்கள் என்றார் இன்னொருவர். வேறு வழியில்லாமல், மனம் விட்டுப் பேசி முடித்ததும் கடைசியில் கொஞ்ச நேரம் எல்லோரும் சேர்ந்து சத்தம் எழுப்புவது என்று முடிவு செய்தோம்.

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது! தங்கவேலு முதன்முதலாக ட்ரம்பெட்டை ஊதியபோது அதற்குள்ளிருந்து ஒரு குளவிக்கூடு முழுசாக வந்து விழுந்தது. முனியப்பனின் கிளாரினெட் எப்படி ஊதினாலும் கட்டிப்போட்ட ஆட்டுக்குட்டி மாதிரிதான் கத்தியது. பழனிசாமி பெரிய டிரம்மை ஜீப்பின் கியரைப் போடுவதுபோல முரட்டுத்தனமாக அடித்தார். நடராசனின் சின்ன டிரம் மட்டும் ஆரம்பத்தில் அற்புதமாக இருந்தது. குடியை நிறுத்திய புதிதில் அவருக்குக் கை நடுக்கம் நிற்கவே இல்லை. குச்சியைத் தோலின் மேல் வைத்தாலே போதும், தடதடவென்று அப்படி ஓர் உருட்டல் தானாக வரும். டாக்டரம்மா மருந்து கொடுத்துப் பக்கத்திலேயே நின்று கவனித்தார். அவர் குணமாகக் குணமாக உருட்டல் குறைந்துகொண்டே வந்தது. நடுக்கம் அடியோடு நின்ற அன்றைக்கு, “மேடங்க, கை வித்தை போயிருச்சுங்க,” என்று குச்சியைத் தூக்கிக் காட்டினார். எல்லோரும் கைதட்டினோம்.

சிரிப்புக்கு நடுவில் வேலையும் நடந்தது. ஒருநாள் பழனிசாமி, எஸ்டேட் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து ஏற்றிக்கொண்டு வரும்போது கொண்டை ஊசி வளைவில் தனக்குச் சாலை இரண்டாகத் தெரிந்ததைச் சொன்னார். “எந்த ரோட்டுல போறதுன்னு தெரியலீங்க. நடுவுல போயிட்டேன். அன்னைக்கு அது சரியா இருந்துச்சு.” முனியப்பன் ஒரு வாரம் வராமல் போனார், மறுபடி குடித்துவிட்டிருந்தார். அதற்கடுத்த வாரம் வாசலில் வந்து நின்றார். யாரும் எதுவும் கேட்கவில்லை. தங்கவேலு கிளாரினெட்டைத் துடைத்து அவர் கையில் கொடுத்தார். அவ்வளவுதான்.

பிறகுதான் கல்யாணம் வந்தது.

பழனிசாமியின் மகளுக்கு வாழப்பாடிப் பக்கத்தில் மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா ஒரு ஜவ்வரிசி ஆலையில் மேஸ்திரி. பெரிய மீசை, அதைவிடப் பெரிய குரல். பெண்ணின் அப்பா குடிப்பாரா என்று அவர் ஒண்டிக்கடையில் விசாரித்திருக்கிறார். டீக்கடைக்காரர் நல்ல மனசோடு, “அதெல்லாம் இல்லீங்க. அவரு பேண்டு செட்டுல இருக்கறாரு. நொம்பப் பிசி,” என்று சொல்லியிருக்கிறார். கல்யாணம் நிச்சயமானது அந்த ஒரு வார்த்தையில்தான். ஆனால் மேஸ்திரி நிச்சயத்தன்றே எல்லோர் முன்னாலும் அறிவித்துவிட்டார்: “சம்பந்தியே பேண்டுல இருக்கறப்ப வெளிய எதுக்குங்க தேடறது? மாப்பிள்ளை அழைப்புக்கு உங்க செட்டே வாசிக்கட்டும்!”

பழனிசாமி நேராக என்னிடம் வந்தார். “மேடங்க, முடியாதுன்னா அப்புறம் சனிக்கெழம சனிக்கெழம எங்க போறன்னு கேப்பாங்க. முடியும்னா வாசிக்கோணும். எம் புள்ள ஊட்டுக்குள்ள ஒவ்வொரு சீலையா எடுத்துக் கட்டிக் கட்டிப் பாத்துட்டு இருக்குதுங்க.”

அவசரமாகக் கூடினோம். நாலு பேரும் சம்மதித்ததால் இன்ஸ்பெக்டரையும் கூப்பிட்டோம். டாக்டரம்மா எல்லோருக்கும் ஒரே நாளில் காய்ச்சல் என்று சீட்டு எழுதித் தரலாமா என்று யோசித்து, தானே வேண்டாம் என்றார். இன்ஸ்பெக்டர் இரண்டு யோசனை சொன்னார். ஒன்று, ஊர்வலம் கிளம்புமுன் பேண்டு செட்டை மட்டும் மரியாதையாகக் கைது செய்வது. இன்னொன்று, பெரிய டிரம்முக்குள் டேப்ரிக்கார்டரை வைத்துவிடுவது. இரண்டாவதைச் செய்து பார்த்தோம். டிரம்முக்குள் யாரையோ அடைத்துவைத்து, அவர் உதவி கேட்டு அழுவதுபோல இருந்தது.

“அப்ப நானே சொல்லித் தர்றனுங்க,” என்றார் இன்ஸ்பெக்டர். அவருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று, பரேடு. தினமும் சாயங்காலம் வந்து லெஃப்ட் ரைட் சொல்லி அவர்களைத் தயார் செய்தார். மாப்பிள்ளை அழைப்புக்கு முந்தைய நாள் நாலு பேரும் ஒரே சமயத்தில் ஆரம்பிக்கக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். ஒரே சமயத்தில் முடிப்பது மட்டும் கடைசிவரை வரவில்லை.

மாப்பிள்ளை அழைப்பு வெள்ளக்கடை பஸ் நிறுத்தத்தில் ஆரம்பித்தது. நல்ல மத்தியான வெயில். பெண்ணின் அப்பாவே டிரம்மைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நிற்பதை மாப்பிள்ளை வீட்டார் பெருமையாகப் பார்த்தார்கள். தங்கவேலு ட்ரம்பெட்டைத் தூக்கினார். இன்ஸ்பெக்டர் பழக்க தோஷத்தில் உரக்க, “குயிக் மார்ச்!” என்றார்.

மாப்பிள்ளை அழைப்பு என்றால் எப்படிப் போகும் என்று உங்களுக்குத் தெரியும். நாலடி நடந்து, நின்று, சந்தனம் பூசிக்கொண்டு, சிரித்து, மறுபடி நாலடி. அன்றைக்கு அப்படிப் போகவில்லை. பரேடு தாளம் காலுக்குள் புகுந்துவிட்டால் யாராலும் மெல்ல நடக்க முடியாது. மாப்பிள்ளை கையை வீசிக்கொண்டு விறைப்பாக நடந்தார். தோழனும் அப்படியே. சீர்த்தட்டு தூக்கிய பெண்கள் ஓட்டமும் நடையுமாக வந்தார்கள். ஆப்பிள்கள் உருண்டு ஓடின. முனியப்பனின் ஆட்டுக்குட்டி கத்தக் கத்த, நிஜ ஆடுகள் இரண்டு வேலிக்குள்ளிருந்து பதில் சொல்லிக்கொண்டு கூடவே வந்தன. அரை மணி நேர ஊர்வலம் கண் மூடித் திறப்பதற்குள் பந்தலுக்கு வந்து சேர்ந்துவிட்டது. அங்கே இன்னும் வாழைமரம்கூடக் கட்டியிருக்கவில்லை. பெண் வீட்டார் ஆரத்தித் தட்டைத் தேடி ஓடினார்கள்.

பேண்டு நிற்கவில்லை. எப்படி நிறுத்துவது என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் இன்ஸ்பெக்டர், “ஹால்ட்!” என்று கத்தினார். பழனிசாமி நின்றார். நடராசன் அவர் மேல் மோதினார். தங்கவேலு நடராசன் மேல் மோதினார். முனியப்பன் மோதியபோது கிளாரினெட் அது வரைக்கும் யாரும் கேட்டிராத ஒரு சத்தத்தைப் போட்டது.

மூச்சிரைக்க வந்து சேர்ந்த மேஸ்திரியின் மீசை துடித்தது.

“தண்ணியப் போட்டுட்டு வாசிக்கறீங்களாடா?” என்றார். “எம் மவன் கல்யாணத்துல, நாலு குடிகாரனுங்க! சம்பந்தி, நீங்களுமா? இன்ஸ்பெக்டரய்யா, இவுங்கள ஊதச் சொல்லுங்க!”

வீட்டுக்குள்ளே அலங்காரம் பாதியில் நிற்க, பழனிசாமியின் மகள் கதவுக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது.

இன்ஸ்பெக்டர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நாலு பேரையும் வரிசையாக நிறுத்தினார். ஒவ்வொருவராக ஊதினார்கள். பழனிசாமியிடம் டீ வாசனை. தங்கவேலுவிடம் வெங்காய பஜ்ஜி. நடராசனிடம் கிராம்பு, கடைக்காரர் அல்லவா. முனியப்பனிடம் ஏலக்காய், பாயசம் ருசி பார்த்துவிட்டு வந்திருந்தார். மேஸ்திரிக்கு நம்பிக்கை வரவில்லை. தானும் ஒவ்வொருவர் முகத்தருகேயும் மூக்கைக் கொண்டுபோய் முகர்ந்தார். நிமிர்ந்தபோது கோபத்தை விடக் குழப்பம்தான் அதிகமாக இருந்தது.

“குடிக்காம எப்படீங்க இவ்வளவு கேவலமா வாசிக்க முடியும்?” என்றார்.

நியாயமான கேள்வி. என்னிடம் பதில்கள் தயாராக இருந்தன. வாத்தியத்தில் ஈரம் ஏறிவிட்டது, மலைக்காற்று ஒத்துக்கொள்ளவில்லை, உண்மையான வித்வான் ஒருவர் ஊருக்குப் போயிருக்கிறார் என்று எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். அதைவிட எளிதாக, உண்மையை உரக்கச் சொல்லி அவர்கள் நாலு பேரையும் ஒரு நொடியில் உத்தமர்களாக ஆக்கியிருக்கலாம். வாயைத் திறந்தும்விட்டேன். அப்போது பழனிசாமி என்னைத் திரும்பிப் பார்த்தார். காப்பாற்றச் சொல்லிப் பார்த்த பார்வை இல்லை அது. கொஞ்சம் பொறுங்க என்ற பார்வை. திறந்த வாயை மூடிக்கொண்டேன். இந்த வேலையில் இத்தனை வருஷத்தில் நான் செய்த கஷ்டமான காரியம் அதுதான். வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு நான் கொட்டாவி விட்டதுபோல இருந்திருக்கும்.

பழனிசாமி டிரம்மைக் கழற்றிக் கீழே வைத்தார்.

“நாங்க பேண்டே இல்லீங்க சம்பந்தி. குடிச்சுக் கெட்டு, இப்ப உட்டுட்டு இருக்கற ஆளுங்க. சனிக்கெழம கூடிப் பேசிக்குவோம். வெளிய தெரிஞ்சா அசிங்கம்னு பேண்டுன்னு சொல்லிட்டோம். போன மழைக்கு முந்தி பாத்திருந்தீங்கன்னா, நீங்க சொன்னது எனக்குப் பொருந்தியிருக்கும். இன்னைக்குப் பொருந்தாதுங்க. இதுக்காவ எம் புள்ள வேண்டாம்னா இப்பவே சொல்லிருங்க. பொய்யச் சொல்லிக் கட்டிக்குடுத்தன்னு நாளைக்கு அவ கேக்க வேண்டாம்.”

நடராசன் ஓரடி முன்னால் வந்து பழனிசாமியின் பக்கத்தில் நின்றார். பந்தலில் பாதிப் பேர் அவர் கடை வாடிக்கையாளர்கள். அப்புறம் தங்கவேலு. அப்புறம், இன்னும் கிளாரினெட்டை விடாமல், முனியப்பன். கூட்டத்திலிருந்து டீக்கடைக்காரர், “அப்பத் தியரின்னு சொன்னீங்களே, அது?” என்று ஏமாற்றத்தோடு கேட்டார்.

“அதுதானுங்க நெசமான தியரி,” என்றார் தங்கவேலு.

மாப்பிள்ளையின் அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். அதுவரை அவர் குரலை யாரும் கேட்டதில்லை. அவருடைய வீட்டுக்காரர் அதற்கு இடம் வைத்ததில்லை.

“ஏனுங்க, வாசிக்கத் தெரியாதவங்களையும் உங்க செட்டுல சேத்துக்குவீங்களா?” என்று பழனிசாமியைக் கேட்டார்.

“தெரியாதவங்களத்தானுங்க சேத்துக்குவோம்,” என்றார் முனியப்பன்.

வாசிக்க ஆளில்லாமல் சும்மா கொண்டுவந்து கீழே போட்டிருந்த பித்தளைத் தாளத்தை அந்த அம்மா எடுத்தார். இரண்டையும் துடைத்து, தன் கணவரிடம் கைக்கொன்றாகக் கொடுத்தார். மேஸ்திரி ஒன்றும் புரியாமல் விழித்தார். “நானா? எனக்கென்ன? நான் எதோ ஒடம்பு வலிக்கு...” என்று ஆரம்பித்தார். இன்ஸ்பெக்டர் மிகுந்த மரியாதையோடு, “எல்லாரும் ஊதியாச்சுங்க. நீங்களும் ஒருக்கா ஊதிட்டீங்கன்னா வரிசை முடிஞ்சுரும்,” என்றார்.

மேஸ்திரி ஊதவில்லை. வாயை இறுக்க மூடிக்கொண்டார். முதலில் சிரித்தது மாப்பிள்ளை. பிறகு பந்தல் முழுக்கச் சிரித்தது. சிரிப்பில் ஆரத்தி வந்தது, வாழைமரம் நின்றது, மறுநாள் காலை தாலியும் ஏறியது. நாதஸ்வரக்காரர் ஒருவரை அவசரமாக ஜீப்பில் ஏற்றிக் கொண்டுவந்தோம். பழனிசாமியே போய் அழைத்து வந்தார், நிதானமாக.

அதற்குப் பிறகு எங்களுக்கு ரகசியம் ஏதும் மிச்சமில்லை. பயந்தபடி நடராசனின் வியாபாரம் படுக்கவில்லை. கணவன்மாரைப் பற்றி விசாரிக்க வந்த பெண்கள் துவரம்பருப்பும் வாங்கிப் போனதில் கொஞ்சம் கூடியது. இனி யாருக்காகச் சத்தம் போட வேண்டும்? வாத்தியங்களைத் துணி போட்டு மூடி ஓரமாக வைத்தோம். தலைச்சோலையிலிருந்து காப்பி விவசாயிகள் இரண்டு பேர் புதிதாக வந்தார்கள். அறையில் பேச்சு மட்டும் இருந்தது. அக்கம்பக்கத்தினர் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

சில மாதங்கள் கழித்து ஒரு சனிக்கிழமை, சேலம் பஸ்ஸிலிருந்து மேஸ்திரி இறங்கினார். வளைவுகள் ஒத்துக்கொள்ளாமல் வாந்தியெடுத்து, முகம் வெளுத்து, மீசை தொங்கிப்போய் இருந்தது. சட்டைப் பையில் கையை விட்டுக்கொண்டிருந்தார், நடுங்குவது தெரியக் கூடாது என்று. அறைக்குள் வந்தவர் யாரையும் பார்க்காமல் சொன்னார்: “சம்பந்தி ஊட்டுக்கு வந்தேன். அப்பிடியே பேண்டு கத்துக்கலாம்னு. ஆலையிலயும் அப்பிடித்தான் சொல்லிட்டு வந்திருக்கறேன். நீங்க பேண்டுதானுங்களே?”

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் நடராசனைப் பார்த்தேன். வெளியே டீக்கடையில் வழக்கமான கூட்டம். அந்த அறை எதற்கு என்று ஊரில் தெரியாதவர் யாரும் இல்லை. உள்ளே இருந்த எல்லோரும் தங்களைப் பற்றிச் சொல்லி முடித்து எத்தனையோ நாளாகிவிட்டது. இன்னும் சொல்ல முடியாதவர் ஒருவர்தான்.

நடராசன் எழுந்து போய்த் துணியை விலக்கினார்.

“பின்னெ? பேண்டு இல்லாம வேற என்னங்க?” என்றார். சின்ன டிரம்மைத் தூக்கி மேஸ்திரியின் மடியில் வைத்தார். “கையை வெளிய எடுங்க. இப்ப உங்க கைக்கு இதுதான் நொம்ப நல்லா வரும்.”

மேஸ்திரி குச்சியைத் தோலின் மேல் வைத்தார். தடதடவென்று அது தானாக உருண்டது. பழனிசாமி பெரிய டிரம்மை எடுத்தார், தங்கவேலு ட்ரம்பெட்டை எடுத்தார், முனியப்பனின் ஆட்டுக்குட்டி விழித்துக்கொண்டது. அந்த வருஷம் முழுக்க, ஒரே ஓர் ஆளுக்காக, வாராவாரம் நாங்கள் எல்லோரும் ஊரே காதைப் பொத்திக்கொள்ளும்படி வாசித்தோம்.